திண்ணையும் அடுக்களையும்

ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் கதைகளைத் தவறாமல் படித்து வருகிறவராம். கடிதத்தின் முடிவில், "தாங்கள் கதை எழுதாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கதை எழுதியே வயிறு வளர்த்தவர்களைத் தமிழ்நாட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நான் இல்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு பாங்கின் கணிப்பொறிப் பிரிவில் உத்தியோகம் பார்த்தேன். ஊருக்கு ஊர் இருந்த கிளைகளைத் தலைமை அலுவலகத்தோடு இணைத்து வைப்பதும், இணைப்பு அறுந்தால் ஓடிப் பிடித்து முடிச்சுப் போடுவதும் எங்கள் வேலை.

அந்த உத்தியோகத்தைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் 2004-ஆம் வருஷத்துக் காலைப் பொழுது ஒன்று வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சொல்லவும் மனசு வராது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த வேலையின் வாசற்படிகளைக் கொஞ்சம் காட்ட வேண்டும். பொறுமையோடு கூட வாருங்கள்.

ரவுட்டர் என்ற பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சுவர் ஓரமாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதேதான். பாங்குகளிலும் ஆபீசுகளிலும் இருப்பது அதற்கு மூத்த அண்ணன். தபாலாபீசில் கடிதங்களைப் பிரித்துப் பைகளில் போடுகிறவர் செய்யும் காரியத்தைத்தான் அது செய்கிறது. வருகிற ஒவ்வொரு செய்தியின் முகவரியையும் பார்த்து, இது இந்தக் கம்பியில் போக வேண்டும், அது அந்தக் கம்பியில் போக வேண்டும் என்று தள்ளிவிடுகிறது. அதற்கென்று திரை கிடையாது. வேறொரு கணிப்பொறியிலிருந்து அதோடு பேச வேண்டும். அந்தப் பேச்சிலும் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி அனுப்பினால் அது பதிலுக்கு ஒரு வரி எழுதும்.

எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் சிஸ்கோ ரவுட்டர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த லென் போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி 1984-இல் தொடங்கிய கம்பெனி அது. சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர்ப் பெயரின் வாலை மட்டும் நறுக்கி எடுத்துக் கம்பெனிக்கு வைத்துவிட்டார்கள்.

இந்த ரவுட்டரோடு பேசுவது நம் பழைய காலத்து வீட்டுக்குள் போவது மாதிரி. முதலில் திண்ணை. அங்கே போய் உட்கார்ந்ததும் ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி, அதன் பக்கத்தில் > என்று ஓர் அடையாளம் போட்டுக் காத்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்தவன் என்ன செய்யலாம்? வீட்டார் க்ஷேமம் விசாரிக்கலாம். வீட்டுக்கு வயசு என்ன, விழித்துக்கொண்டு எத்தனை நாள் ஆயிற்று, இன்ன ஊருக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்றெல்லாம் கேட்கலாம். எதையும் தொட முடியாது.

"எனேபிள்" என்று ஒரு வார்த்தை எழுதினால் கடவுச்சொல் கேட்கும். அது சரியாக இருந்தால் அடையாளம் > என்பதிலிருந்து # என்று மாறும். இப்போது நீங்கள் கூடத்துக்கு வந்துவிட்டீர்கள். இங்கே வீட்டின் சமாசாரம் முழுவதையும் பார்க்கலாம். வேண்டுமானால் வீட்டையே ஒரு தடவை தூங்க வைத்து எழுப்பலாம்.

கூடத்திலிருந்து "கான்ஃபிகர் டெர்மினல்" என்று சொன்னால் அடுக்களைக்குள் நுழைகிறீர்கள். அடையாளத்தின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கான்ஃபிக்' என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் கை அடுப்பில் படுகிறது. எழுதிய வரி ஒவ்வொன்றும் எண்டர் விசையைத் தட்டிய அந்தக் கணமே அமலுக்கு வந்துவிடும். 'யோசித்துச் சொல்கிறேன்' என்பதே கிடையாது.

அடுக்களைக்கு உள்ளேயும் சிறு அறைகள் உண்டு. ஒவ்வொரு கம்பி வந்து சேரும் துவாரத்துக்கும் ஓர் அறை. "இன்டர்ஃபேஸ்" என்று சொல்லித் துவாரத்தின் பெயரையும் சொன்னால் அந்த அறைக்குள் போய்விடலாம். திரும்பி வர "எக்ஸிட்" என்றால் ஒரு படி பின்னால் வரலாம். "எண்ட்" என்றால் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே தாவலில் கூடத்துக்கு வந்துவிடலாம். கூடத்திலிருந்து திண்ணைக்குத் திரும்ப "டிஸேபிள்".

இந்த நிலைகளை இங்கிலீஷில் மோடு என்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு எந்த அறையில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பொருள். "பூட்டு" என்று நம் வீட்டில் சொல்கிறோம். பீரோவுக்கு எதிரே நின்று சொன்னால் பீரோ பூட்டப்படும். தெரு வாசலில் நின்று சொன்னால் வீடே பூட்டப்படும். வார்த்தை ஒன்றுதான். ரவுட்டரில் "ஷட்டவுன்" என்ற வார்த்தை அந்த மாதிரி. எந்தத் துவாரத்தின் அறையில் நின்று சொல்கிறீர்களோ, அந்தத் துவாரம் மூடிக்கொள்ளும்.

புதிதாக வருகிறவனிடம் இந்த வீடு ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறது. வழி தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அந்த அறையில் செல்லுபடியாகும் வார்த்தைகளை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்டும். வார்த்தையை முழுக்க எழுத வேண்டும் என்பதும் இல்லை. வேறு எதோடும் குழம்பாத அளவுக்கு முதல் சில எழுத்துக்கள் போதும். குழம்பினால், "இது இரண்டு பொருள் படுகிறதே" என்று சொல்லிவிடும். தப்பான வார்த்தையை எழுதினால், எந்த எழுத்தில் தப்பு ஆரம்பித்ததோ அதற்கு நேர் கீழே ^ என்று ஒரு சின்னக் கூரை போட்டுக் காட்டும். கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பதுபோல் இருக்கும்.

கூடத்திலும் திண்ணையிலும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே புரியாத வார்த்தை ஒன்றைத் தனியாக எழுதிவிட்டால், அது ஏதோ ஒரு தூரதேசத்துக் கணிப்பொறியின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "இந்தப் பெயருள்ளவர் எங்கே இருக்கிறார்?" என்று ரவுட்டர் நாலு பக்கமும் விசாரிக்கக் கிளம்பிவிடும். பதில் வராது. நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்துப் பிழையைக்கூட ஒரு மனுஷன் பெயராக மதித்துத் தேடுகிற உத்தமமான பிராணி!

இனி அந்தக் காலைப் பொழுதுக்கு வருகிறேன்.

அது பென்ஷன் வாங்குகிறவர்கள் பாங்குக்கு வரும் நாள். நான் மதுரையில் இருந்தேன். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் கிளை. விநாடிக்கு 64 கிலோபிட் கொண்டுவரும் ஒரே ஒரு கம்பிதான் அந்த ஊருக்கு உயிர்நாடி. அந்த ரவுட்டரில் உபயோகமில்லாமல் திறந்து கிடந்த ஒரு துவாரத்தை மூடிவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஐந்து நிமிஷ வேலை. கிளை திறக்கும் முன்பே முடித்துவிடலாம் என்று ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் நேரே அந்த வேலையைச் செய்திருக்கலாம். சுத்தக்காரன் என்ற பெயர் எடுக்க ஆசை. ஆகவே, முதலில் உயிர்நாடிக் கம்பியின் அறைக்குள் போய், அதற்குரிய எண்ணை ஒரு குறிப்பாக எழுதி வைத்தேன். அப்போது பக்கத்து மேஜையில் டெலிபோன் அடித்தது. எழுந்து போய்ப் பேசினேன். காப்பி வந்தது, குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் (கான்ஃபிக்-இஃப்)# என்று இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு துவாரத்தின் அறையில் நிற்கிறீர்கள் என்பதை அந்த அடையாளம் சொல்லும். எந்தத் துவாரத்தின் அறை என்பதைச் சொல்லாது. அதை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது நாலு வரி மேலே கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. மூட வேண்டிய துவாரத்தின் அறையில்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன். "ஷட்டவுன்" என்று எழுதி எண்டரைத் தட்டினேன்.

திரை அசையவில்லை. இன்னொரு விசையைத் தட்டினேன். எழுத்து வரவில்லை. அடிவயிறு சில்லிட்டது. எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குள் போயிருந்தேனோ, அந்தக் கம்பியையே நான் அறுத்துவிட்டேன். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியவன் கதையைச் சின்ன வயசில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவனுக்காவது மரம் கண் முன்னால் இருந்தது.

பத்து மணிக்குக் கிளை மானேஜர் பேசினார். "சார், கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யவில்லை. வாசலில் அறுபது எழுபது பேர் நிற்கிறார்கள். பாதிப்பேர் தடி ஊன்றிக்கொண்டு வந்தவர்கள்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லைன் போயிருக்கிறது போலிருக்கிறது, சார். ஆள் அனுப்பச் சொல்லுகிறேன்" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. பொய்க்குக் கை கால் முளைக்க வேண்டாமா? கம்பியைப் பராமரிக்கும் ஆபீசுக்கு டெலிபோன் செய்து, லைன் பழுது என்று புகார் எழுதி வைத்தேன். அவர்களும் உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அரை மணி நேரம் கழித்து என் மேலதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரை இன்னமும் அப்படியே உறைந்து கிடந்தது. அவர் ஒரு விரலை நீட்டி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் 'ஷட்டவுன்'. அதற்கு மேலே நான் எழுதிய குறிப்பு. அதற்கும் மேலே நான் எந்த அறைக்குள் போனேன் என்ற வரி. விரல் அங்கே நின்றது.

"சேமித்துவிட்டாயா, தம்பி?" என்றார்.

"இல்லை, சார்."

"பிழைத்தாய். அந்த ஊரில் யாரையாவது பிடித்துப் பெட்டியை ஒரு தரம் அணைத்துப் போடச் சொல்."

ரவுட்டருக்கு இரண்டு ஏடுகள் உண்டு. இப்போது நடந்துகொண்டிருக்கிற நடப்பு ஏடு ஒன்று. மின்சாரம் போனால் அது அழிந்துபோகும். மின்சாரம் போனாலும் அழியாத பெட்டகத்தில் இருக்கும் ஏடு மற்றொன்று. அடுக்களையில் நாம் செய்வதெல்லாம் நடப்பு ஏட்டில்தான் பதிவாகும். சேமித்துவை என்று தனியாகச் சொன்னால்தான் பெட்டகத்துக்குப் போகும். பெட்டி தூங்கி எழுந்தால் பெட்டகத்து ஏட்டை எடுத்துப் படித்துக்கொண்டு, பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். இடையில் நான் செய்த பாவம் அதற்கு ஞாபகம் இருக்காது.

கிளையின் டெலிபோனுக்குக் காவற்காரர் வந்தார். வயசானவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, இரும்பு அலமாரிக்குள் பச்சை விளக்கு எரிகிற பெட்டி ஒன்று இருக்கும். அதன் பின்னால் ஒரு சுவிட்சு இருக்கும்."

"இருக்கு, சார்."

"அதை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடுங்கள்."

"அணைச்சா ஒண்ணும் ஆயிராதுல்லா, சார்? மானேஜர் ஐயா அதைத் தொடவே கூடாதுன்னுருக்காவ."

"ஒன்றும் ஆகாது அண்ணாச்சி. பொறுப்பு என்னுடையது."

அந்தக் காலை முழுவதிலும் நான் பேசிய உண்மை அது ஒன்றுதான். அவர் பத்து எண்ணுவது எனக்குக் கேட்டது. சில நிமிஷங்களில் கிளை உயிர் பெற்றது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் மேலதிகாரி அன்று ஒரு கட்டளையைச் சொல்லிக் கொடுத்தார். தொலைவில் இருக்கும் ரவுட்டரில் கை வைக்கும் முன்னால், கூடத்தில் நின்று "ரீலோட் இன் 10" என்று சொல்லிவிட வேண்டும். பத்து நிமிஷத்தில் தானாகவே தூங்கி எழு என்று அதற்கு அர்த்தம். வேலை நல்லபடியாக முடிந்தால் அந்த உத்தரவை ரத்துச் செய்துவிட்டு, பிறகு சேமிக்கலாம். ஏதாவது விபரீதம் செய்து வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிஷத்தில் அதுவே பழைய ஏட்டைப் படித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடும். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிற மாதிரி. அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்தக் கயிறு இல்லாமல் நான் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை.

இப்படிப்பட்ட நிலைகளே கூடாது என்று வாதித்த ஒரு பெரியவரும் உண்டு. லாரி டெஸ்லர் என்று பெயர். 2020-இல் காலமானார். எழுத்தை ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுகிறோமே, அந்த வசதியை 1970-களில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். மோடுகள் மேல் அவருக்கு இருந்த கோபத்தில், தம் காரின் நம்பர் பலகையிலேயே 'நோ மோட்ஸ்' என்று எழுதி வாங்கி மாட்டிக்கொண்டார். கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சாலையில் பிராவோ என்று ஓர் எழுதும் நிரல் இருந்தது. கட்டளை நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து 'எடிட்' என்ற நாலெழுத்து வார்த்தையை ஒருவர் அடித்துவிட்டால் தீர்ந்தது. முதல் எழுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது எழுத்து அதை அழிக்கும். மூன்றாவது எழுத்து இனி வருவதை எழுது என்னும். நாலாவது எழுத்து மட்டும் காகிதத்தில் வந்து உட்காரும். எழுதிய காவியம் போய் ஓரெழுத்து மிஞ்சும். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

டெஸ்லர் சொன்னது எழுதுகிறவனுக்குச் சரி. ஆனால் ஓர் ஊரே தொங்கிக்கொண்டிருக்கும் கம்பிக்கு அது சரிதானா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். திண்ணையும் அடுக்களையும் ஒன்றாக இருக்கும் வீட்டில், எட்டிப் பார்க்க வந்தவன் கை அடுப்பில் பட்டுவிடும். வாசற்படிகள் வேண்டியதுதான். ஜூனிப்பர் என்ற கம்பெனி 1998-இல் தன் ரவுட்டரோடு வந்தபோது படிகளை எடுத்துவிடவில்லை. படிகளில் விளக்கு வைத்தது. அதில் எந்த அறையில் நிற்கிறோம் என்பதை அடையாளத்துக்கு மேலே முழு விலாசத்தோடு எழுதிக் காட்டும். நாம் எழுதுவதெல்லாம் வரைவாகவே இருக்கும். 'கமிட்' என்று சொன்ன பிறகுதான் அமலாகும். உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிஷத்தில் தானே பழைய நிலைக்குத் திரும்பு என்று சொல்லவும் அதில் வழி இருக்கிறது.

ஆனாலும் என் தவறுக்கு நான் வீட்டைக் கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாலு வரி மேலே என் கையெழுத்தே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இத்தனை வருஷம் இதை எழுதாமல் வைத்திருக்க மாட்டேன். அன்று மத்தியானம் ஒரு மணிக்கு எனக்கு ஒரு டெலிபோன் வந்தது. என் பொய்ப் புகாரின் பேரில் அனுப்பப்பட்ட லைன்மேன் பேசினார். காலையிலிருந்து வெயிலில் வண்டியில் அலைந்து, கம்பி போகும் வழி நெடுக இணைப்புப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்.

"சார், நான் பார்த்த வரைக்கும் லைன் நல்லாத்தான் இருக்கு. எங்கே கோளாறுன்னு எனக்குப் பிடிபடலை. என் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்னமோ. திரும்ப ஒரு தடவை முதல்லேர்ந்து பார்த்துட்டு வந்துரட்டுமா?" என்றார்.

தம் வேலையில் பிழை இருக்குமோ என்று அந்த மனிதர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். "வேண்டாம், வேண்டாம். இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் போகலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

என் மேலதிகாரி பக்கத்து மேஜையில் இருந்தார். காதில் விழுந்திருக்கும். எழுந்து போகிறபோது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தப்பு எந்த எழுத்தில் ஆரம்பித்தது என்று அந்த இரும்புப் பெட்டிக்குக்கூடக் காட்டத் தெரிகிறது, தம்பி."

அந்த லைன்மேனின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் விசாரிக்கலாம் என்று இருந்தேன், விசாரிக்கவில்லை. காவற்காரரிடம் 'பொறுப்பு என்னுடையது' என்று சொன்ன அதே வாய்தான் அவரிடம் மட்டும் மூடிக்கொண்டது. சேமிக்காத நடப்பு ஏடு மாதிரி அந்தக் காலையும் அழிந்துபோகும் என்று நினைத்தேன். மனசு அப்படி வேலை செய்வதில்லை. அது எல்லாவற்றையும் நேரே பெட்டகத்தில் எழுதிக்கொள்கிறது.

கதை எழுதாத நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்ட வாசகருக்கு இதுதான் பதில். அந்த லைன்மேன் இப்போது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கேயாவது பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். இந்தப் பத்திரிகை அவர் கையில் கிடைக்குமோ, கிடைக்காதோ. கிடைத்தால் அவருக்கு ஒரு சமாசாரம்: அன்றைக்கு உங்கள் லைனில் ஒரு கோளாறும் இல்லை, அண்ணாச்சி. நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.